லைக் விழுகிறது, விசாரிப்பு வருவதில்லை: கடலோர விடுமுறை வீட்டுக்குப் பதிவு எழுதுவது குறித்து

ராமநாதபுரம் மாவட்டத்தில் அரியமானுக்கும் பிரப்பன்வலசைக்கும் இடைப்பட்ட கடற்கரையில், தென்னந்தோப்புக்குள் இருக்கும் மூன்று அறை வீட்டை விடுமுறைக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஓராண்டாக இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் வாரந்தவறாமல் பதிவிட்டும் லைக் விழுகிற அளவுக்கு விசாரிப்பு வரவில்லை என்றும், எப்படி எழுதினால் ஆள் வரும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாதிரிக்கு மூன்று பதிவுகளையும் அனுப்பியிருக்கிறீர்கள். இதே மாவட்டத்துக் கடற்கரையில் பதினோரு ஆண்டுகளாக ஒரு வீட்டை வாடகைக்கு விட்டு வருகிறேன். அக்கம்பக்கத்தில் சிலருக்குப் பதிவு எழுதிக் கொடுத்தும் பழக்கம் உண்டு. அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் மூன்று பதிவுகளில் முதலாவது இது: "சொர்க்கம் போன்ற கடற்கரையில் மறக்க முடியாத விடுமுறை! இயற்கையின் மடியில் இளைப்பாறுங்கள்! முன்பதிவுக்கு இன்றே அழையுங்கள்!" இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வீட்டின் பெயரை எடுத்துவிட்டால் இதை மகாபலிபுரத்துக்காரரும் போடலாம், கன்னியாகுமரிக்காரரும் போடலாம். படிக்கிறவர் "அழகாக இருக்கிறது" என்று ஒரு லைக் போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார், ஏனென்றால் அவர் முடிவெடுப்பதற்கு வேண்டிய தகவல் ஒன்றுகூட அதில் கிடைக்கவில்லை. மதுரையிலோ கோவையிலோ இருக்கும் ஒரு குடும்பம் வண்டியில் பெட்டி ஏற்றுவதற்கு முன்னால் வீட்டுக்குள் நடக்கும் பேச்சை நினைத்துப் பாருங்கள். "கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ரோடு இருக்கா? பிள்ளைங்க ஓடிருவாங்களே." "அம்மாவால மாடி ஏற முடியாது, கீழே ரூம் இருக்கா?" "கோயிலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" "தண்ணி உப்பா இருக்குமா?" இந்தப் பேச்சுக்குள் உங்கள் பதிவு நுழைய வேண்டும்.

ஆகவே நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது ஒரே ஒரு காரியம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் தொலைபேசிக்குப் பக்கத்தில் வையுங்கள். விசாரிக்கிறவர்கள் கேட்கும் கேள்வியை, அவர்கள் கேட்ட அதே சொற்களில், அன்றைய தேதியோடு எழுதுங்கள். இரண்டு மாதத்தில் முப்பது நாற்பது கேள்விகள் சேரும். அவற்றில் திரும்பத் திரும்ப வருபவை பத்துப் பன்னிரண்டு இருக்கும். அந்தப் பன்னிரண்டும் பன்னிரண்டு பதிவுகள். பதிவுக்கு விஷயம் தேடி இணையத்தில் பிறருடைய பக்கங்களைப் புரட்டுவதைவிட இது பலமடங்கு பயன் தரும், ஏனென்றால் ஒருவர் வாய்விட்டுக் கேட்ட கேள்வியைக் கேட்கத் தயங்கி நகர்ந்துபோனவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

உங்கள் முதல் பதிவையே இந்த வழியில் மாற்றி எழுதிப் பார்க்கலாம். உங்கள் கடிதத்தில் இருந்த விவரங்களை மட்டும் வைத்து நான் எழுதியது இது: "எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து கடலுக்கு நான்கு நிமிட நடை. வழி முழுவதும் தென்னந்தோப்பும் மணலும்தான். சாலை எதையும் கடக்க வேண்டியதில்லை. தரைத்தளத்தில் இரண்டு அறைகள், மாடியில் ஒன்று. தாத்தா பாட்டியோடு வருபவர்கள் கீழறை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஒதுக்கி வைக்கிறோம்." இதில் ஓர் உவமைகூட இல்லை. ஆனாலும் பாட்டியையும் பேரனையும் கூட்டிக்கொண்டு கிளம்ப நினைக்கும் ஒரு பெண் இதைப் படித்தால், அதைக் கணவருக்கு வாட்ஸாப்பில் அனுப்புவார். லைக்கைவிட அந்த ஒரு பகிர்வுதான் உங்களுக்கு வேண்டும்.

முதல் வரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவுக்கு 2,200 எழுத்துகள் வரை எழுதலாம் என்றாலும், திரையில் ஏறத்தாழ 125 எழுத்துகள்தான் முதலில் தெரியும். மீதியைத் தட்டித்தான் திறக்க வேண்டும். தமிழில் எழுதும் நமக்கு இதில் ஒரு கூடுதல் நெருக்கடி உண்டு. நாம் ஓரெழுத்தாக நினைக்கும் "கி" என்பதைக் கணினி "க" என்றும் அதன் கொக்கி என்றும் இரண்டாக எண்ணும். "க்" என்பதும் புள்ளியோடு சேர்த்து இரண்டு. இப்படிப் பார்த்தால் 125 எழுத்துகளுக்குள் நமக்குக் கிடைப்பது பன்னிரண்டு பதின்மூன்று சொற்கள்தான். அந்த இடத்தை "அன்பார்ந்த நண்பர்களே, அனைவருக்கும் இனிய காலை வணக்கம்" என்று தொடங்கிச் செலவழித்துவிட்டால், கடலுக்கு நான்கு நிமிட நடை என்பது யார் கண்ணுக்கும் படாமல் மடிப்புக்குள் போய்விடும். உங்கள் இரண்டாவது பதிவுக்கு நேர்ந்தது இதுதான். அதில் குழந்தைகளுக்கான ஊஞ்சல், கிணற்று நீர், வண்டி நிறுத்த இடம் என்று நல்ல விவரங்கள் இருக்கின்றன. எல்லாம் ஐந்தாவது வரிக்குக் கீழே.

அடுத்து, யாருக்கு எழுதுகிறீர்கள் என்பது. நம் கடற்கரைக்கு வருபவர்கள் ஒரே வகையினர் இல்லை. தீர்த்தமாட வருபவர்களுக்கு ஒரு தேவை, கடலில் பிள்ளைகளை விளையாடவிட வருபவர்களுக்கு வேறொரு தேவை. விடுப்பில் ஊருக்கு வந்து உறவுகளோடு இரண்டு நாள் ஒன்றாக இருக்க நினைக்கும் வளைகுடாக் குடும்பங்களுக்குப் பெரிய சமையலறையும் பாயும்தான் முக்கியம். பறவை பார்க்க வருபவர்களும், காற்றாடியைப் பிடித்துப் பலகையில் கடல்மேல் சறுக்க (கைட் சர்ஃபிங்) வரும் இளைஞர்களும் அமைதியை எதிர்பார்ப்பார்கள், ஆளுக்கொரு படுக்கை போதும் என்பார்கள். "எல்லோருக்கும் ஏற்ற இடம்" என்ற வரியை இவர்களில் எவரும் தமக்கானதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பதிவு ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்த்தமாட வருபவர்களுக்கு ஒரு பதிவு எப்படி அமையலாம் என்று பாருங்கள். அவர்கள் ராமேஸ்வரம் கடற்கரையில் அக்னி தீர்த்தத்தில் குளித்து, ராமநாதசுவாமி கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் நனைந்து, பிறகு தரிசனத்துக்குப் போக வேண்டும். விடியற்காலை ஸ்படிகலிங்க தரிசனம் வேண்டுமென்றால் இன்னும் முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும். உங்கள் வீடு இருப்பது பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம். அங்கிருந்து கோயிலுக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கிட்டால், விடியுமுன் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், அந்த நேரத்தில் வண்டி ஏற்பாடு செய்து தருவீர்களா, தேநீர் கிடைக்குமா, மாற்றுத்துணி ஒரு செட் தனிப்பையில் கொண்டுபோக வேண்டும், கைபேசியைக் கோயிலுக்குள் கொண்டுபோக முடியாது என்பதால் அதை எங்கே வைப்பது, திரும்பி வந்ததும் ஈரத்துணி காயப்போடக் கொடி இருக்கிறதா என்பவற்றையெல்லாம் வரிசையாக எழுதினால், அது விளம்பரம் என்ற நினைப்பே வராமல் உறவினர் சொல்லும் யோசனைபோலப் படிக்கப்படும். அதைச் சேமித்து வைத்துக்கொள்வார்கள். மூன்று மாதம் கழித்து ஆடி அமாவாசைக்கோ தை அமாவாசைக்கோ கிளம்பும்போது அந்தப் பதிவைத் தேடி எடுப்பார்கள்.

இங்கே ஓர் உறுத்தலையும் சொல்லிவிடுகிறேன். மண்டபம், உச்சிப்புளி, அரியமான் பக்கத்து வீடுகளைப் பலர் "ராமேஸ்வரத்தில்" என்றே விளம்பரப்படுத்துகிறார்கள். தேடுபவர்கள் அந்தப் பெயரைத்தான் தட்டுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் வருகிறவர், பாலத்துக்கு இந்தப் பக்கமே வண்டியைத் திருப்புங்கள் என்று நாம் வழி சொல்லும்போது ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார்; அந்த உணர்வோடு தங்கும் விருந்தினர் தலையணை உறையில்கூடக் குறை காண்பார். "ராமேஸ்வரம் கோயிலுக்கு ஒரு மணி நேரத் தொலைவில், அரியமான் கடற்கரைப் பக்கம்" என்று எழுதினால் தேடுபவர் கண்ணிலும் படும், மனமும் நோகாது. வரைபடத்தில் இடக்குறியை உங்கள் வீட்டு வாசலிலேயே சரியாக வையுங்கள். தோப்புப் பாதை பிரியும் முனையை ஒரு படமாக எடுத்து, "இந்த இடத்தில் இடதுபக்கம் திரும்பவும்" என்று எழுதிப் பக்கத்தின் மேலே பொருத்தி வைத்தால், இரவில் வழி கேட்டு வரும் அழைப்புகளில் பாதி குறையும்.

இனி, நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்பும் விஷயம்: பருவம். நம் மாவட்டத்தில் இரண்டு கடல்கள் இருக்கின்றன. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைந்த கடல். தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடியில் இரண்டையும் பெண்கடல், ஆண்கடல் என்று சொல்வார்கள். ஒன்று அமைதியாக இருக்கும்போது மற்றொன்று பெரும்பாலும் கொந்தளிக்கும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் இரையும், வடகடல் அடங்கியிருக்கும். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று திரும்பினால் வடகடல் கலங்கும். கரையோரத்தில் வளர்ந்த யாருக்கும் இது தெரியும். சேலத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருபவருக்குத் தெரியாது, அதைச் சொல்லவேண்டிய இடம் நம் பதிவுதான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு குடும்பத்தின் செலவில். தொழில் தொடங்கிய இரண்டாம் ஆண்டு, பங்குனியில் எடுத்த ஒரு படத்தை, கண்ணாடிபோல் கிடந்த வடகடலில் இரண்டு சிறுவர்கள் முழங்கால் நீரில் நிற்கும் படத்தை, ஐப்பசி மாதத்தில் மறுபடி பதிவிட்டு, "குழந்தைகள் பயமின்றி விளையாடும் கடல்" என்று எழுதினேன். தீபாவளி விடுமுறைக்கு ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வந்த அன்றே வாடை பிடித்துக்கொண்டது. தண்ணீர் சேறு கலங்கிப் பழுப்பாகக் கிடந்தது; பாசி கரையெல்லாம் ஒதுங்கி நாறியது. புதிதாக வாங்கிய மிதவையை ஊதி இடுப்பில் மாட்டிக்கொண்டு அந்த வீட்டுச் சின்னப் பெண் மூன்று முறை கரைவரை போய்த் திரும்பி வந்தாள். மூன்றாம் முறை வந்தபோது மிதவையைக் கழற்றித் திண்ணைத் தூணில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுடைய தகப்பனார் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் முன்னதாகக் கிளம்பினார்கள். அந்த நாளுக்கான பணத்தை நான் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அந்த மிதவை காற்றில் தூணோடு மோதிக்கொண்டிருந்த சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

மறு ஆண்டு அதே மாதத்தில் நான் எழுதிய பதிவு இப்படி இருந்தது: "ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கத்துக் கடலில் குளிக்க முடியாத நாட்கள்தான் அதிகம். வாடை வீசும், கடல் கலங்கும், மழை பிடித்தால் இரண்டு நாள் விடாது. கடலில் விளையாட வேண்டுமென்றால் தை கழித்து வாருங்கள். மழையைத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கவும், சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டுப் புத்தகம் படிக்கவும் ஆசைப்படுகிறவர்கள் இப்போதே வரலாம். வாடகையும் இந்த இரண்டு மாதம் குறைவு." அந்தப் பருவத்தில் அதற்கு முன் வந்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள், வந்தவர்கள் மழையைக் கேட்டு வந்தவர்கள். அவர்களில் இரண்டு குடும்பங்கள் இன்றும் ஆண்டுதோறும் அதே மாதத்தில் வருகின்றன. உங்கள் வீடும் வடகடல் பக்கம்தான் என்பதால் இந்த வேறுபாடு உங்களுக்கு அப்படியே பொருந்தும். புயல் எச்சரிக்கை வரும் நாட்களில் "வர வேண்டாம், முன்பணத்தை அடுத்த தேதிக்கு மாற்றிக்கொள்கிறோம்" என்று நீங்களே முந்திக்கொண்டு பதிவிடுங்கள்.

இதே கணக்கு மீனுக்கும் உண்டு. கோடை விடுமுறையில்தான் உங்கள் வீடு நிரம்பும். அதே நேரத்தில்தான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். "தினமும் வகைவகையான கடலுணவு" என்று சித்திரையில் எழுதினால் வந்தவர் பெரிய மீனைக் கேட்பார், சந்தையில் விலை ஏறியிருக்கும், உங்களுக்கும் சங்கடம். நாட்டுப்படகுகள் அப்போதும் போகும். "தடைக்காலம் என்பதால் காலையில் நாட்டுப்படகில் என்ன வருகிறதோ அதுதான் அன்றைய குழம்பு, சில நாள் நெத்திலி, சில நாள் நண்டு, ஒன்றுமே வராத நாளில் முருங்கைக்காய் சாம்பார்" என்று எழுதுங்கள். அந்தக் கடைசித் துண்டு இருப்பதால்தான் முன்னால் சொன்னதை நம்புவார்கள்.

பதிவுகளைத் திட்டமிட ஆங்கில நாட்காட்டியைவிட நம் தமிழ் மாதங்கள் உதவியாக இருக்கும் என்பது என் எண்ணம். மார்கழியில் திருவாதிரையை ஒட்டி உத்தரகோசமங்கையில் ஆருத்ரா தரிசனம். ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பில் இருக்கும் மரகத நடராசரை அப்போதுதான் காப்புக் களைந்து பார்க்க முடியும். அதற்குக் கூட்டம் எப்படி இருக்கும், அங்கே போய்விட்டு உங்கள் வீட்டுக்கு வந்து ஓய்வெடுக்க எந்த வழியாக வரலாம் என்பதைக் கார்த்திகையிலேயே எழுதிவிடுங்கள். தை மாசியில் தனுஷ்கோடிப் பக்கத்துக் கடற்கழிகளில் பூநாரைகள் நிற்கும். அதே குளிர்மாதங்களில் பனங்கிழங்கு அவிப்பார்கள். சித்திரை வைகாசியில் நுங்கு. சம்பா மிளகாய் அளவுக்கு வெளியூரில் தெரியாத நம் முண்டு மிளகாய்க்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது களத்தில் காயும் நாட்களில் ஒரு படம் எடுத்து, உங்கள் வீட்டுக் குழம்பின் நிறம் அதனால்தான் என்று எழுதினால் சமையலில் ஆர்வமுள்ள எத்தனையோ பேர் அதைப் பார்த்துக் கேட்பார்கள். கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பைப் பற்றி எழுதினால் அது எங்கே கிடைக்கும் என்பதையும் எழுதுங்கள். குடும்பங்கள் ஒரு மாதத்துக்கு முன்பே திட்டமிடுகின்றன. ஆகவே எந்தப் பதிவும் நிகழ்வுக்கு நான்கு வாரமாவது முன்னதாக வெளியாகட்டும். அன்றைக்கே போட்டால் பார்த்து மகிழ்வார்கள், வர முடியாது.

பழைய தகவலைத் திருத்தாமல் விடுவதும் ஒரு வகையில் தவறான தகவல் தருவதுதான். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்றது. அதன்பின் ரயில்கள் மண்டபத்தோடு நின்றுகொண்டிருந்தன. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி செங்குத்தாகத் தூக்கும் புதிய பாலம் திறக்கப்பட்டு ரயில் மறுபடி தீவுக்குள் போகிறது. ஆனாலும் "ரயில் மண்டபம் வரைதான்" என்ற வரி இன்றும் சில வீட்டுப் பக்கங்களில் அப்படியே நிற்கிறது. வழி, நேரம், கட்டணம் ஆகிய மூன்றும் இருக்கும் பதிவுகளை ஆறு மாதத்துக்கொரு முறை எடுத்துப் படித்துத் திருத்துங்கள்.

வாடகையை எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதுங்கள். "விவரங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பவும்" என்ற வரியைப் பார்த்ததும் விலை தமக்குக் கட்டாது என்று பெரும்பாலோர் முடிவு செய்துவிடுகிறார்கள். கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்வது நம் ஆட்களுக்குக் கூச்சமான காரியம். வார நாளுக்கு இவ்வளவு, சனி ஞாயிறுக்கு இவ்வளவு, இத்தனை பேர் வரை, கூடுதல் பாய் ஒன்றுக்கு இவ்வளவு, சாப்பாடு சேர்த்தா தனியா, முன்பணம் எவ்வளவு, ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் சொன்னால் திரும்பக் கிடைக்கும் என்று ஒரே பதிவில் தெளிவாக எழுதி, இன்ஸ்டாகிராமில் பக்கத்தின் மேலே பொருத்திவைக்கும் மூன்று பதிவுகளில் அதை ஒன்றாக வைத்துவிடுங்கள். விலை மாறினால் அந்தப் பதிவைத் திருத்தினால் போதும்.

குறைகளையும் எழுதுங்கள் என்று சொன்னால் சிலர் தயங்குகிறார்கள். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் பலவற்றில் உவர்ப்பு இருக்கிறது. சோப்பு நுரைக்காது, தலைமுடி பிசுபிசுக்கும். இது வந்த முதல் நாள் குளியலிலேயே தெரிந்துவிடப் போகிறது. "குளிக்க வரும் தண்ணீர் சற்று உவர்ப்பு, தலைக்குக் குளிக்கத் தோட்டத்துக் கிணற்று நீரை வாளியில் வைத்துவிடுகிறோம், குடிக்கக் கேன் தண்ணீர் உண்டு" என்று முன்னதாகவே தெரிந்து வருபவர் அதை ஏற்பாடாகப் பார்ப்பார், தெரியாமல் வருபவர் அதையே குறையாகப் பார்ப்பார். மின்தடை வந்தால் இன்வெர்ட்டரில் மின்விசிறி ஓடும், ஏசி ஓடாது என்பதும், எந்த நிறுவனத்தின் சிக்னல் தோப்புக்குள் கிடைக்கும் என்பதும் அப்படித்தான்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாம்பன் பாலத்தின் படத்தை இணையத்திலிருந்து எடுத்துப் போடாதீர்கள். அது பிறர் உழைப்பு, தவிர அதை ஆயிரம் பேர் போட்டிருக்கிறார்கள். கழிப்பறை, சமையல் மேடை, படுக்கை, வண்டி நிறுத்தும் இடம் இவை நான்கும் காலை வெளிச்சத்தில் கைபேசியில் நேராக எடுக்கப்பட்டாலே போதும். கடலின் நிறத்தைக் கூட்டும் வடிகட்டிகள் வேண்டாம். படம் எப்போது எடுத்தது என்று மாதத்தைக் கீழே எழுதுங்கள். என்னுடைய மிதவைக் கதை அந்த ஒரு சொல்லால் தவிர்க்கப்பட்டிருக்கும். டிரோன் படம் எடுத்துத் தருவதாக யாராவது வந்தால் உரிய அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்; உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கும் பகுதி இது, அனுமதியில்லாமல் பறக்கவிட்டு எடுத்த படம் உங்கள் பக்கத்தில் இருந்தால் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்தான்.

உங்கள் மூன்றாவது பதிவில் கூடத்து மேசைமேல் வெள்ளைப் பவளக்கொத்து ஒன்று அலங்காரமாக இருக்கிறது. உங்கள் தாத்தா காலத்துப் பொருளாக இருக்கலாம். இருந்தாலும் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். பவளப்பாறை, கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001 முதல் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதே அந்தப் பவளத் திட்டுகளுக்காகவும் அவற்றை நம்பி வாழும் உயிர்களுக்காகவும்தான். படத்தைப் பார்க்கும் விருந்தினர், கரையில் கிடப்பதைப் பொறுக்கிப் போகலாம் என்று நினைத்துவிடுவார். அந்த இடத்தில் ஓர் ஓலைக் கொட்டானை வையுங்கள். யார் முடைந்தது என்று கேட்பார்கள், அது அதை முடைந்த அம்மாளுக்கும் நாலு காசு தரும்.

மனிதர்களைப் படமெடுப்பதிலும் இதே கவனம் வேண்டும். கரைவலை இழுப்பவர்கள் நம் விளம்பரத்துக்கான பின்னணி ஆகிவிடக் கூடாது. கேட்டு, சரி என்றால் மட்டும் எடுத்து, எடுத்ததை அவர்களிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். விருந்தினர்களின் குழந்தைகள் படத்தில் இருந்தால் பெற்றோரின் சம்மதத்தை வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியைப் பற்றி எழுதும்போது "பேய் நகரம்" என்ற சொல்லைத் தயவுசெய்து தவிருங்கள். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் அங்கே மக்களோடு ரயிலும் கடலுக்குள் போயிற்று; அவர்களை இழந்த குடும்பங்கள் இன்றும் பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் இருக்கின்றன, அந்த மணலில் குடிசை போட்டு மீன்பிடித்து வாழ்பவர்களும் இருக்கிறார்கள். இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று என்ன நடந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று எழுதினால் போதுமானது.

பயணக் காணொளி போடும் இளைஞர்கள் இலவசமாகத் தங்கவைத்தால் பதிவிடுவதாகக் கேட்பார்கள். தங்கவைப்பதில் தவறில்லை, ஆனால் இலவசமாகத் தங்கியதை அவர்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் வற்புறுத்துங்கள். 2023இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலில் இலவசத் தங்கலும் வெளிப்படுத்த வேண்டிய தொடர்பாகவே சொல்லப்பட்டிருக்கிறது. திசைதிருப்பும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். விருந்தினர் பாராட்டை நாமே எழுதிக்கொள்வது இதைவிட மோசமான பழக்கம். அவர்கள் கிளம்பும்போது விருந்தினர் புத்தகத்தில் எழுதிய இரண்டு வரியைக் கையெழுத்தோடு, அவர்கள் சம்மதித்தால், அப்படியே படமெடுத்துப் போடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும்.

ஹேஷ்டேக் முப்பது வைத்திருக்கிறீர்கள். ஊர், கடற்கரை, வீடு என்று நான்கைந்து போதும். ராமேஸ்வரம், ராமேசுவரம், இராமேஸ்வரம் என்று மக்கள் பல விதமாகத் தட்டுவார்கள், ஆகையால் இலக்கணச் சுத்தத்தைப் பார்க்காமல் உங்களை அழைத்தவர்கள் எப்படி எழுதுகிறார்களோ அப்படியே பதிவிலும் எழுதுங்கள். வாரத்துக்கு இரண்டு பதிவுகளுக்கு மேல் வேண்டாம். நேரமிருந்தால் அதை வந்த செய்திகளுக்குப் பதில் சொல்வதில் செலவிடுங்கள், ஏனென்றால் இரவு ஒன்பது மணிக்கு விசாரித்த குடும்பம் காலை வரை காத்திருக்காமல் அடுத்த வீட்டைப் பிடித்துவிடும். அழைக்கிற ஒவ்வொருவரிடமும் "எந்தப் பதிவைப் பார்த்து அழைத்தீர்கள்?" என்று கேட்டு அதே நோட்டில் குறித்து வாருங்கள். லைக் எண்ணிக்கையில் கடைசியில் இருக்கும் பதிவுகளில் ஒன்று அந்தக் குறிப்பில் முதலிடத்தில் நிற்பதைப் பார்ப்பீர்கள். என் வீட்டுக்கு அது உவர்ப்புத் தண்ணீர் பதிவு.

உங்கள் கடிதத்தின் முடிவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "வருகிறவர்கள் கூடத்தில் போட்ட சோபாவை விட்டுவிட்டு எல்லாரும் கிணற்றடித் துவைகல்லில்தான் போய் உட்கார்ந்து பேசுகிறார்கள், ஏனென்று புரியவில்லை." எனக்கு அந்த வரியைப் படித்ததும் உங்கள் வீடு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. நாளை சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தக் கல்லில் நீங்கள் போய் உட்காருங்கள். எந்தப் பக்கத்துக் காற்று வருகிறது, எந்த மரத்து நிழல் விழுகிறது, அங்கிருந்து கடல் தெரிகிறதா, சத்தம் மட்டும் கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு அங்கிருந்தே ஒரு படம் எடுத்து, பார்த்ததை நாலு வரியில் எழுதிப் போடுங்கள். முதல் வரிக்கு நீங்கள் கடிதத்தில் எழுதியதையே வைத்துக்கொள்ளலாம்.